ஏழாவது சத்தம்

உங்கள் தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறியில் ஒரு சத்தம் வருகிறது, சார். தினமும் கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். மேலே இருக்கிற கிண்ணம் தளர்ந்து கம்பியில் உரசுகிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. வேண்டாமென்றால் விடுங்கள், நான் ஸ்டேஷனுக்கு வந்தது வேறு விஷயத்துக்கு.

முப்பத்தொரு வருடமாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் என் பிழைப்பு. பட்டறை அப்பாவுடையது. சின்ன வயதில் அவர் என்னையும் தங்கையையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு வண்டியின் மட்கார்டைப் பிடித்து ஆட்டுவார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். அவள் பத்துக்கு எட்டு சரியாகச் சொல்வாள், நான் பத்தும் சொல்வேன். அவளைக் கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பாள்.

அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வது தொழில். தன் வாயை மூடத்தான் தெரியாது. போன வருடம் ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கினார். என்னைவிட வயதில் மூத்த வண்டி, கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை. என் மகளின் பிறந்தநாளன்று, மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தார்.

"நம்ம மச்சானுக்குக் காது போச்சுப்பா. என் வண்டி முன்னாடி கடகடன்னு அடிச்சுக்குது, இவரு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து ஒண்ணும் கேக்கலையேங்கிறாரு. வேற பட்டறை பாக்கணும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் யார் சிரித்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டால் இப்போதும் வரிசையாகச் சொல்வேன், அவ்வளவுதான். நான் வண்டியை ஓட்டிப் பார்த்த அன்றைக்குத் தெருவில் இரைச்சல், அதனால் சரியாகக் கேட்கவில்லை.

நான் செய்த காரியத்துக்குக் காரணம் அதுவல்ல, சார். காரணம் என் தங்கையின் மணிக்கட்டில் நான் பார்த்த நீலம். கேட்டதற்கு, "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சுண்ணா. அவரு அப்படிப்பட்ட ஆளே இல்ல. நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத" என்றாள். அந்த அலமாரிக் கதவு நிஜமாகவே கீல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நானே சரிசெய்து கொடுத்தேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. கூடப் பிறந்தவள் இல்லையா.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வண்டியை என்னிடமே கொண்டுவந்து விட்டார்.

"மச்சான், ரெண்டாவது கியர் கடிக்குது. கியர்பாக்ஸ முழுசா பிரிச்சுப் பாத்துடுங்க. அப்புறம் முன்னாடி சத்தம். எனக்கு ஒரு பொட்டு சத்தம் கேக்கக் கூடாது. உங்க தங்கச்சி இந்தச் சத்தத்துக்குப் பயந்துகிட்டு வண்டில காலே வைக்க மாட்டேங்கிறா. பால் ஜாயிண்டு போயிருக்காம், மாத்தினாத்தான் ஏறுவாளாம்."

அவள் சொன்னது சரி.

கியர்பாக்ஸுக்கு எட்டு நாள் ஆனது. பிரித்து, ஒவ்வொரு பல்சக்கரத்தையும் கழுவி, ஜன்னலோரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது கியரின் வளையம் வழவழவென்று தேய்ந்திருந்தது. புது வளையம், புது பேரிங், புது சீல் எல்லாம் போட்டு மூடினேன். அதற்கப்புறம் சுண்டுவிரலால் தள்ளினால் கியர் விழுந்தது. அப்படி ஒரு கியர்பாக்ஸை இந்த ஊரில் வேறு எவனாவது செய்திருந்தால் காட்டுங்கள், நான் பட்டறையை மூடிவிடுகிறேன்.

பிறகு சத்தங்கள். மொத்தம் ஏழு. தேய்ந்த ரப்பர் புஷ்கள், தளர்ந்த போல்ட், எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர் என்று ஆறை முறையாகச் சரிசெய்தேன். ஏழாவது, இடது முன் சக்கரத்தின் கீழே இருக்கிற பால் ஜாயிண்ட். நம் முழங்கால் மாதிரி, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற குண்டு மூட்டு. புதியது பெட்டியோடு என் மேசையில்தான் இருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பழையதை மாற்றாமல், அதன் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். வண்டியை எவன் தலையிலாவது கட்டுகிறவர்கள் செய்கிற வேலை அது. கேவலமான வேலைதான். ஆனால் அதற்கும் கை தேர்ந்திருக்க வேண்டும்.

சத்தம் இருந்தவரை மாப்பிள்ளை பயந்து பயந்து ஓட்டினார். அது நின்று, கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தால், மலைப்பாதை வளைவுகளில் எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும்.

வண்டியை எடுக்க வந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மச்சான், அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அவர் வண்டியை எடுத்துப்போன ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தங்கை ஃபோன் செய்தாள்.

"அண்ணா, இப்பதான் கண்ண மூடிக்கிட்டு வண்டிய ஆட்டிப் பாத்தேன். ஒரு சத்தம் இல்ல. பால் ஜாயிண்ட மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்" என்றேன்.

"அப்ப சரி. மலைக்குப் போயிட்டு வர்றோம். பாவம், எத்தனை நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. உன் கை கைதான் போ."

நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று புரிகிறது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். தேய்ந்த பால் ஜாயிண்டோடு என் பட்டறையிலிருந்து ஒரு வண்டி வெளியே போயிருக்கிறது என்பதை, அப்போதுதான் என் கையைப் பாராட்டியவளிடம் என் வாயால் எப்படிச் சொல்வது? பார்த்துப் போய்விட்டு வா என்றேன்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவில் இடது சக்கரம் மடங்கியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் பாறையில் மோதியது. மாப்பிள்ளைக்குக் கை மட்டும் உடைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினார். "நான்தான் மச்சான் கொன்னுட்டேன். வேணாம் வேணாம்னு இருந்தவள நான்தான் ஏத்தினேன்." நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நானும் அழுதேன், சார். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்காகத்தான் எல்லாம் செய்தேன், அவளே போய்விட்டாளே. அதோடு விட்டிருப்பேன்.

நேற்று, விபத்தான வண்டியைச் சோதித்த உங்கள் வாகன ஆய்வாளரின் அறிக்கை வந்தது. மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்கே கொண்டுவந்து காட்டினார். 'பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்ததை மெக்கானிக் கவனிக்கத் தவறியுள்ளார்.' அப்படித்தான் எழுதியிருந்தது. நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நல்ல கையை என் தோள்மேல் வைத்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல மச்சான். வயசானா காது மந்தமாகிறது எல்லாருக்கும் வர்றதுதான். நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?"

இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால்தான் காலையில் முதல் ஆளாக உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். என்ன தண்டனையோ கொடுங்கள், மறுக்க மாட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, தெரிந்தே செய்தார் என்று எழுதுங்கள். வண்டி வந்த அன்றே, மட்கார்டைப் பிடித்து ஆட்டிய முதல் ஆட்டத்திலேயே, அந்த ஏழாவது சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது, சார். என் காதில் ஒரு குறையும் இல்லை.