அதே அரை மாத்திரை

— ஒரு வேளைகூடத் தப்பலை டாக்டரம்மா. காலைல அரை, ராத்திரி அரை. வலிப்பு மாத்திரையை என் வீட்டுக்காரி எப்படிக் குடுத்தாளோ, அப்படியேதான். பின்ன ஏன் இந்த நாய்ப்பய குரைக்கக்கூடத் தெம்பில்லாம கிறங்கிக் கிடக்கான்?

— நீங்க தப்பு பண்ணலை சார். மாத்திரை மாறலை, இவன் ரத்தம்தான் மாறிடுச்சு.

— ரத்தம் மாறுமா? என்னம்மா, புதிர் போடுறீங்க?

— கண்டக்டரா இருந்தவர்தானே நீங்க? உங்க கணக்குலயே சொல்றேன். ரத்தத்துல புரதம்னு ஒண்ணு இருக்கு, அதான் பஸ். மருந்துல பெரும்பாதி அதுல ஏறி உக்காந்துக்கும். உக்காந்திருக்கற வரைக்கும் அதுக்கு வேலையில்லை. இறங்கி நடக்கற கொஞ்சம்தான் வலிப்பை அடக்கும்.

— ரைட்டு. சீட்ல இருக்கறவன் சும்மா, இறங்கினவன்தான் வேலைக்காரன்.

— பாருங்க, அந்தப் புரதத்தைச் செய்யறது ஈரல். இவனுக்கு ஈரல் கெட்டிருக்கு. பாதி பஸ் ஓடலை. மருந்தெல்லாம் ரோட்டுல சுத்துது. அதைக் கழிச்சு வெளியேத்தறதும் அதே ஈரல்தான், அதுவும் நடக்கலை. அரை மாத்திரையே ஆளை அடிச்சுப் போடுது.

— ரத்த டெஸ்ட்ல மருந்து அளவு சரியா இருக்குன்னாரே உங்க லேப் ஆளு?

— அது உக்காந்தவன், நடக்கறவன் எல்லாரையும் சேர்த்து எண்ணின கணக்கு சார். அதை நம்பக் கூடாது. உங்க வீட்டம்மாவா இருந்தா இவன் சோர்வை முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பாங்க. ஏன் அவங்க வரலை?

— அவ போய்ட்டாம்மா. மழைக்கு முன்னாடியே.

— ஐயோ... தெரியாம கேட்டுட்டேன் சார்.

— பரவால்ல. இவனுக்கே யாரும் சொல்லலை. ஆஸ்பத்திரிக்குப் போனவ வந்துடுவான்னு கதவுகிட்டயே உக்காந்திருந்தான். கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டான். வீட்ல ரெண்டு உசுரு, ஒரு பேச்சுவார்த்தை கிடையாது.

— அப்புறம்?

— இப்பதான் கொஞ்ச நாளா என் கட்டில் பக்கத்துல படுக்கறான். கையைத் தொங்கப் போட்டா முதுகு தட்டுப்படும். பய நம்ம பக்கம் வந்துட்டான்னு நினைச்சேன். எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? சொல்லத்தான் ஆளில்லை.

— மாத்திரையை எங்க வச்சுக் குடுப்பீங்க?

— கட்டில்லதான். தூக்கிட்டு வந்து, மடியில... ஓ.

— சார்...

— மருந்துதானா?

— மருந்துதான். எழுந்து கதவு வரைக்கும் போக முடியலை அவனால. இப்படியே விட்டா மூச்சே அடங்கிடும். அளவைக் குறைச்சா தெளிஞ்சிடுவான். ஈரலுக்கும் வைத்தியம் பாக்கலாம். பழையபடி ஆயிடுவான்.

— பழையபடின்னா, கதவுகிட்ட.

— ஆமா சார். கதவுகிட்டதான்.

— ரைட்டு, குறைச்சுடுங்க. நான் நாற்காலியைக் கதவுகிட்டயே போட்டுக்கறேன். ரெண்டு பேரும் அவளுக்காகத்தானே உக்காந்திருக்கோம்.