கீழே பல் டாக்டர், மாடியில் கண் டாக்டர்

பைபிள் வசனத்தை இந்த இடத்துல அப்படியே நிறுத்தி வைப்போம். உங்ககிட்ட ஒரு சின்னக் கதை சொல்லணும்... பெருசா ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிஷக் கதை. நாகர்கோவில்ல நடந்தது. பேரை மட்டும் மாத்திச் சொல்றேன்.

ஞானசுந்தரின்னு ஒரு அம்மா. எழுபத்திரண்டு வயசு. வீட்டுக்காரர் இறந்துட்டார், தனியா இருக்காங்க. ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ பக்கத்து ஊர்ல டீச்சர். பஸ்ஸுல நாப்பது நிமிஷம். இளையவ பியூலா, நியூசிலாந்துல.

நாலு வருஷத்துக்கு அப்புறம் பியூலா கிறிஸ்மஸுக்கு வர்றா. பதினெட்டு நாள் லீவு. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கும், தெரியுமா? சிலர் சிரிக்கிறீங்க... உங்ககிட்டயும் இருக்கு போல. பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணணும், ஏன்னா அங்க வாயைத் திறந்தா பர்ஸையும் சேர்த்துத் திறக்கணும். ஆதார்ல போன் நம்பர் மாத்தணும். ஆறு பிளவுஸ் தைக்கக் குடுக்கணும். மூணு கல்யாணம். சித்தப்பா வீடு, மாமா வீடு, போகலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற இன்னும் நாலு வீடு.

பல் டாக்டர்கிட்ட மூணு தடவை போகணும். முதல் நாள் பார்த்தா, அந்த அம்மா நல்ல சேலையா கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க.

"நானும் வாறேன் மக்ளே."

"நீங்க எதுக்கும்மா? அங்க வந்து சும்மா உக்காந்திருக்கணும்."

"இங்கயும் சும்மாதானே இருக்கேன். அங்க வந்து இருக்கேன்."

மூணு தடவையும் கூடவே போனாங்க. ரோட்டுல மகள் கையைப் பிடிச்ச பிடியை விடல. பியூலா சிரிக்கிறா. "எம்மா, நான் எங்கயும் ஓடிப் போயிர மாட்டேன்." கிறிஸ்மஸ் அன்னிக்கு வீட்டு ஜெபத்துல, "நீ வாசி மக்ளே, உன் குரல்ல கேக்கணும்"னு பைபிளை மகள் கையில குடுத்தாங்க. பியூலாவுக்குக் கண் கலங்கிடுச்சு. அம்மாவுக்கு நம்ம மேல எவ்வளவு ஆசைன்னு நினைச்சா. ஆசைதான்... இல்லேன்னு நான் சொல்லல.

மூணாவது தடவை. வேர் சிகிச்சையும் முடிச்சு, பக்கத்துல இருந்த சொத்தைப் பல்லையும் டாக்டர் பிடுங்கிட்டார். உதடு மரத்துப் போச்சு, வாயில பஞ்சு, ஒரு மணி நேரம் பேசக் கூடாது. பியூலா வெளியே வர்றா. அப்போ பார்த்து அந்த அம்மா... மெதுவா...

"மக்ளே, அப்படியே மாடிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

மணி ஆறாகப் போகுது. டெய்லர் கடை அடைச்சிருவாங்க. வாயைத் திறக்க முடியாது. பியூலா போனை எடுத்து வேகமா எழுதினா: 'மாடியில என்னம்மா? யாரைப் பாக்கணும்?' எழுதி அம்மா முகத்துக்கு நேரா காட்டினா.

அந்த அம்மா பார்த்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க... அப்புறம் சிரிச்சாங்க.

"சரி மக்ளே. நேரமாச்சுல்லா. டெய்லர் கடைக்குப் போவோம்."

போயிட்டாங்க. லீவும் முடிஞ்சது.

மார்ச் மாசம் அந்த அம்மா சர்ச் படியில தடுக்கி விழுந்தாங்க. மூத்தவ ஓடி வந்தா. "கண் சரியாத் தெரியல மக்ளே"ன்னு அப்பதான் சொன்னாங்க. சொல்லி, அதே கட்டடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. கீழே பல் டாக்டர். மாடியில... கண் டாக்டர். அம்மாவோட கைப்பையில நாலா மடிச்ச ஒரு சீட்டு. செப்டம்பர் மாசத் தேதி. 'கண்ணில் மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.'

டாக்டர் பார்த்துட்டுச் சொன்னார். "கண்ல அழுத்தம். வலது கண் நரம்பு போயிடுச்சு, அது திரும்பாது. இடது கண்ணை மருந்து விட்டுக் காப்பாத்தப் பார்ப்போம். இந்தச் சீட்டு குடுத்தப்பவே வந்திருந்தா..."

"ஏம்மா பியூலாகிட்ட சொல்லல?"

"கேட்டேனே. அவ போன்ல என்னமோ எழுதிக் காட்டினா. எனக்கு வெறும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. நேரம் இல்லேன்னு எழுதியிருப்பான்னு நினைச்சேன். பாவம், வாய் வேற வீங்கி நின்னா."

"சரி, என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் இங்கதானே இருக்கேன்?"

"நீ ஸ்கூல்ல லீவு போடணும். அவ லீவுலதானே வாறா."

...

யாரைக் குத்தம் சொல்லப் போறீங்க? பியூலா போன்ல அழுதா. "நான் கேட்டேன்க்கா. எழுதிக் காட்டிக் கேட்டேன்." கேட்டது உண்மை. கேட்டதுக்குப் பதில் வராமலே கிளம்பினதும் உண்மை. அப்போ மூத்தவ? அவ ஞாயித்துக்கிழமை தவறாம வந்தா. மீன் குழம்பு சாப்பிட்டா, தூக்குவாளியில வாங்கிட்டும் போனா. அம்மா காப்பியை டம்ளருக்கு வெளிய ஊத்துறதைப் பார்த்தா. ஒரு தடவை இல்ல, மூணு நாலு தடவை பார்த்தா. துணியை எடுத்துத் துடைச்சுட்டு, அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினா.

அந்த மூத்தவ நான்தான்.

கிறிஸ்மஸுக்கு இந்த வாரம் உங்க வீட்டுக்கெல்லாம் பிள்ளைங்க வர்றாங்க. வந்து சேர்ந்தவங்க சிலர் பின் வரிசையில உக்காந்திருக்கீங்க, தூக்கக் கலக்கம் முகத்துலயே தெரியுது. லிஸ்ட்டைக் கிழிச்சுப் போடுங்கன்னு நான் சொல்லல. பல்லைப் பாருங்க, பிளவுஸ் தைங்க. ஒரே ஒரு காலைப் பொழுதை மட்டும் எதுவும் எழுதாம விடுங்க. விட்டுட்டு, "உங்களுக்கு எங்கம்மா போகணும்?"னு வாயைத் திறந்து கேளுங்க. "எனக்கென்ன, ஒண்ணும் இல்ல"ம்பாங்க. எழுந்திரிச்சுராதீங்க. உக்காந்திருங்க... ரெண்டாவது பதில் வரும்.

பக்கத்து ஊர்லயே இருக்கோம், வாராவாரம் பார்க்கிறோம்னு இருக்கிறவங்களுக்கும், என்னையும் சேர்த்துத்தான், சொல்றேன். வந்து போறது வேற, பார்க்கிறது வேறன்னு எனக்குத் தெரிய ஒரு கண் போக வேண்டியிருந்துச்சு. அதுவும் என் கண் இல்ல.

முன்னால உக்காந்திருக்கிற அம்மாமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைங்களுக்கு எதுக்குச் சிரமம்னு அந்தச் சீட்டை மடிச்சுப் பைக்குள்ள வைக்காதீங்க. இன்னிக்கே வெளிய எடுங்க. பின்னால ஒருநாள் அதைப் பிரிச்சு வாசிக்க வேண்டியவங்க... நாங்கதான்.