தண்ணியில பேரா எழுதியிருக்கு?

அத்தாட்சியா? என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு அத்தாட்சி வேணுமா? நல்லா இருக்கு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு! பூட்டைத் தொறக்கத்தான கூட்டிட்டு வந்தேன்? சம்பந்தம் பேச வந்தவரு மாதிரி இவ்வளவு விசாரிக்கிறீங்க!

அடையாள அட்டை உள்ள. போன் உள்ள. கண்ணாடி உள்ள. சாவி… அதுவும் உள்ளதான். ஒண்ணு இல்ல, மூணு! மூணும் ஒரே ஆணியில ஒத்துமையா தொங்குது. குப்பையைக் கொட்டிட்டு வர்றதுக்குள்ள கதவு சாத்திக்கிச்சு. சாத்தினா தானா பூட்டிக்கிற பூட்டு. நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன். சீக்கிரம் தம்பி, சமையல்கட்டுல வாளிக்குத் தண்ணி விட்டுட்டு வந்தேன், குழாய் தொறந்தபடி கெடக்கு!

பழைய பூட்டுக்கு என்ன கேடுன்னா கேக்குறீங்க? என் மககிட்ட அதுக்கு ஒரு சாவி இருந்துச்சு, அதான் கேடு. அவளா வருவா, அவளா தொறப்பா, பிரிட்ஜுக்குள்ள தலையை விட்டு ஒவ்வொண்ணா மோந்து பாப்பா. "அம்மா, இது கெட்டுப்போச்சு. அம்மா, மாத்திரை போட்டியா?" சின்ன வயசுல எங்கப்பா கேட்டாரு, எங்க போறேன்னு. அப்புறம் வீட்டுக்காரரு கேட்டாரு. அவரு போய்ச் சேந்தாரு, உடனே மக அந்தப் பதவிக்கு வந்துட்டா! போதும்டா சாமின்னுதான் தனியா வந்தேன். யாரும் என்னைக் கேக்க வேண்டாம், நானும் யாருக்கும் சொல்ல வேண்டாம். சுதந்திரம்னா அதானே?

பூட்டை மாத்தினது தெரியாம வந்து நின்னா. பழைய சாவியைத் திருகித் திருகிப் பாத்தா. நான் உள்ள சத்தம் காட்டாம ஒக்காந்திருந்தேன். ம்… போன் பண்ணலாம்தான், உங்க போன் இருக்கு. நம்பர்தான் தெரியல. பெத்தவளுக்கு மக நம்பர் மனப்பாடம் இல்ல. சிரிக்கிறதுன்னா சிரிங்க தம்பி, எனக்கு அழுகையா வருது.

இது என் வீடுதான்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லணுமா? எதிர்வீடு காலியா கெடக்கு. கீழ்வீட்டு டீச்சரைத்தான் நீங்களே போய்க் கேட்டீங்களே, மகராசி என்ன சொன்னா? "அவங்க விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது." அடேங்கப்பா, என்ன கீழ்ப்படிதல்! சரி, சொன்னேன்தான். குடிவந்த அன்னிக்கே "தனியாவா இருக்கீங்க?"ன்னு ஆரம்பிச்சா வேற என்ன சொல்றதாம்? போன மாசம் மேல ஏறி வந்தா. அவ கூரையில சொட்டுதாம், என் வீட்டுத் தண்ணியாம். "என்னுதுன்னு என்ன அத்தாட்சி? தண்ணியில என் பேரா எழுதியிருக்கு?"ன்னு ஒரு போடு போட்டேன். வந்த வழியே எறங்கிப் போனா. அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! என் வீடு, என் குழாய், நான் தொறப்பேன், மூடுவேன், மூடாமலும்…

ஏன் தம்பி பையைக் கட்டுறீங்க? அட, இருங்க! என்ன, என் காலையே பாக்குறீங்க? ஐயையோ… கதவுக்கு அடியில தண்ணி வருது!

படியில யாரு? வாங்க டீச்சர், வராதவங்க வந்திருக்கீங்க! என்ன, தலையெல்லாம் ஈரமா… ஓ. கட்டில் மேலயா? திருத்தி வச்ச பரீட்சைப் பேப்பர் மேலயுமா? என்ன கேட்டீங்க? இது யாரு வீட்டுத் தண்ணின்னா?

நீங்க எதுக்கு தம்பி இப்பக் காதைத் தீட்டிட்டு நிக்கிறீங்க? புரியுது, புரியுது. என் தண்ணி இல்லைன்னு சொன்னா வீடும் என்னுது இல்ல, நீங்க கெளம்பிடுவீங்க. ஆமான்னு சொன்னா கட்டிலு, பேப்பரு, போன மாசத்துக் கூரை, எல்லாம் என் தலையில. ரெண்டு பேருமாச் சேந்து நல்லா மாட்டிவிட்டீங்க!

…ஆமா டீச்சர். என் தண்ணிதான். போன மாசம் சொட்டினதும் என்னுதுதான். நானே வந்து தொடைச்சுத் தர்றேன், கூரையையும் சரி பண்ணித் தர்றேன். கேட்டுக்கிட்டீங்களா தம்பி? வீட்டுக்காரி ஒத்துக்கிட்டா, நனைஞ்சவங்களே சாட்சி. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? தொறங்க!

உள்ள மூணு சாவி தொங்குது. ஒண்ணு மகளுக்கு… அவ வாங்கிக்கிட்டா சரி. இன்னொண்ணு… ஏன் டீச்சர் இப்படி மொறைக்கிறீங்க? குடுத்தா வச்சுக்குவீங்களா?

ஆனா ஒண்ணு, பிரிட்ஜை மட்டும் மோந்து பாக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்!