ஆட்டம் முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்

செஸ் படிக்கிறதுக்கு நாப்பத்தாறு வயசுங்கிறது ஒண்ணும் பிந்தின வயசில்ல சேர். எங்க கடுகண்ணாவைல அந்த வயசுல புதுசா கல்யாணம் கட்டினவங்களே இருக்காங்க. நான் செஸ் படிச்சேன். ஆறு நாளும் ஹார்ட்வெயார் கடைல ஆணிக்கும் குழாய்க்கும் பில் எழுதுற மனுசனுக்கு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வேல வேணுமே.

தமிழ்லயே எழுதிக்கங்க. சார்ஜன் கிருஷ்ணராஜ்னா நீங்கதானே, வந்தவங்க சொல்றத சொன்னபடி தமிழ்ல எழுதுவீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் ரெண்டு பஸ் மாறி உங்க பொலிஸ் ஸ்டேசனுக்கு வந்தேன். பேர் சுவக்கின். வயசு அம்பத்தேழு. யாரும் புடிச்சிக்கிட்டு வரல, நானாத்தான் வந்தேன். காளிமுத்து அண்ணன் செத்த விசயமா வந்திருக்கேன். ரொம்பக் களைப்பா இருக்கு, அதனால மெதுவாச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

கூட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட படத்துக்கு ஃப்ரேம் போடுற கடை ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல ஒரு ரூம். இருவத்திரெண்டு படி ஏறணும். ஞாயிறு ரெண்டு மணிக்கு ஆறேழு பேர் கூடி செஸ் ஆடுவோம். டியூசன் குடுக்கிற நிரோஷன்தான் செயலாளர். யாரு யாரோட ஆடினாங்க, யாரு ஜெயிச்சாங்கன்னு பெரிய கொப்பி ஒண்ணுல எழுதுவாரு. அந்தக் கொப்பில எழுதினா எழுதினதுதான், அடிக்கிறது அழிக்கிறது எல்லாம் கெடையாது.

காளிமுத்து அண்ணன் அந்த பஸ் ஸ்டாண்டுலயே முப்பது வருசம் டைம்கீப்பரா இருந்து பென்சன் எடுத்தவர். ஹட்டன் பஸ் ரெண்டு பத்துக்குன்னா ரெண்டு பத்துக்குப் போகணும், கர்ப்பிணிப் பொண்ணு கையக் காட்டிக்கிட்டு ஓடி வந்தாலும் நிக்காது. "நின்னா பழகிருவாங்க தம்பி"ன்னு சொல்லுவாரு. செஸ்லயும் அதே கணக்குத்தான். ஆளுக்கு ஒரு மணித்தியாலம். ரெண்டு முகம் வச்ச பழைய மணிக்கூடு, நம்ம ஆட்டத்த ஆடிட்டு, அதாவது ஒருதடவ காய நகத்திட்டு, பொத்தான அமுக்கினா நம்ம பக்கம் நின்னு அவங்க பக்கம் ஓட ஆரம்பிக்கும். நேரம் முடிஞ்சா முகத்துல இருக்கிற சின்னச் சிவப்புக் கொடி விழும். கொடி விழுந்தவர் தோத்தவர், பலகைல அவர் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி. எதுக்காகவும் மணிக்கூட்ட நிப்பாட்டக் கூடாதுங்கிறது அண்ணன் போட்ட சட்டம்.

பதினோரு வருசமா அவரோட ஆடினேன். ஒம்பது ஆட்டம் சமன். மிச்சமெல்லாம் எனக்கு அடி. அவர ஒரேயொரு தடவ ஜெயிக்கணும், நிரோஷன் அத அந்தக் கொப்பில எழுதணும். வேற ஆசையே இருக்கல சேர், சத்தியமா.

ஒழுங்காத்தான் முயற்சி பண்ணினேன். ஓப்பனிங் படிச்சேன். அதாவது மொதப் பத்துப் பன்னெண்டு ஆட்டம் எப்படி ஆடுறதுன்னு மனப்பாடம் பண்றது. இத்தாலியன்னு ஒண்ணு, ஸ்பானியன்னு ஒண்ணு, சிசிலியன்னு ஒண்ணு. ரயில்ல வரும்போது ஃபோன்ல பாத்து, பிலிமத்தலாவ தாண்டுறதுக்குள்ள பதினஞ்சு ஆட்டம் மனப்பாடமாச் சொல்லுவேன். டொரதி, அது என் வீட்டுக்காரி, "ஜெபமால கூட இவ்வளவு ஒழுங்காச் சொன்னதில்ல நீங்க"ன்னு கேலி பண்ணுவா. ஆனா அண்ணன் புத்தகத்துல இல்லாத ஒண்ண அஞ்சாவது ஆட்டத்துல ஆடிருவாரு. அதோட என் மனப்பாடம் முடிஞ்சுது. அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க. இங்க அடி வாங்கினதும் நான்தான், நகராம இருந்ததும் நான்தான்.

அப்புறம் ஃபோன்ல ஒருத்தர் சொல்லிக் குடுத்தது மனசுல பட்டுச்சு. ஓப்பனிங்னா ஜெயிக்கிற வழி இல்லயாம். எதிராளிக்குப் புடிக்காத எடத்துல அவரக் கொண்டுபோய் உக்கார வைக்கிறதாம். மிச்சத்த அவரே பாத்துக்குவாராம். அதக் கேட்டப்புறம் நான் காய்களப் படிக்கிறத விட்டுட்டு அண்ணனப் படிக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் எவ்வளவு நேரம் எடுத்தாருன்னு எனக்குன்னு ஒரு சின்னக் கொப்பி வச்சு அதுல குறிச்சேன். வெட்டுக்குத்து நடக்கிற ஆட்டத்துல மனுசன் மின்னல். ஆனா சிப்பாயெல்லாம் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு வழியே இல்லாம அடைபட்டுப் போச்சுன்னா அவருக்கு ஆகாது. கதிரைல அப்படி இப்படி அசைவாரு, நெத்தில வேர்க்கும், நேரம் கரைஞ்சு போகும். அதுக்குத் தோதா லண்டன்னு ஒரு ஓப்பனிங் இருக்கு. எதிராளி என்ன ஆடினாலும் நாம ஒரே மாதிரி வேலி கட்டிக்கிட்டு உக்காந்துரலாம். என்னைய மாதிரி ஆளுக்குச் சரியான ஓப்பனிங்.

ரெண்டு வருசத்துக்கு முன்னுக்கு அப்படித்தான் ஒருநாள் நல்லா இறுக்கிட்டேன். அவருக்குப் பன்னெண்டு நிமிசம் இருந்துச்சு, எனக்கு அர மணித்தியாலம். திடீர்னு நெஞ்சப் புடிச்சாரு. நான் மணிக்கூட்ட நிப்பாட்டினேன். அவர் சட்டைப் பைல கை விட்டு, நாக்குக்கடில வைக்கிற மருந்துக் குளிசைய எடுத்துக் குடுத்தேன். கீழ ஓடிப்போய்த் தண்ணி வாங்கிட்டு வந்தேன். பத்து நிமிசம் கண்ண மூடிக்கிட்டு இருந்தாருன்னுதான் நெனச்சேன். மூடல சேர். பலகையப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. மறுபடி மணிக்கூட்ட ஓட விட்டதும் ஒரே ஆட்டம், என் வேலி பொத்துக்கிட்டுப் போச்சு. "நன்றி தம்பி"ன்னாரு. அப்புறம் நிரோஷனக் கூப்பிட்டு, ஜெயிச்சதா எழுதச் சொன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது, சொல்றதுக்கென்ன.

அவர் மக சிந்துஜா மறுநாள் கடைக்கே வந்தா. "மாமா, நீங்க இல்லாட்டி எங்கப்பா இல்ல. யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு, நீங்க பாத்துக்கங்க. குளிசை எப்பவும் சட்டைப் பைலதான் இருக்கும்"ன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதா. நல்ல புள்ள. நான் பாத்துக்கிறேம்மான்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

இனி டின் விசயத்துக்கு வர்றேன். ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவுல டொரதி ஃபோன் பண்ணினா, படில நின்னு பேசிட்டு வந்து நல்லா ஒரு காய நகத்தினேன். அண்ணன் என் சட்டைப் பையப் பாத்தாரு, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஒரு கிரீம் கிரேக்கர் பிஸ்கட் டின்னோட வந்தாரு. "பைல இருக்கிறதெல்லாம் இதுக்குள்ள. எனக்கும் சேத்துத்தான் சட்டம்"ன்னாரு. பதினோரு வருசம் தோத்துக்கிட்டே இருந்தவன் களவா ஃபோனப் பாத்தா ஆடியிருப்பான்? அத யாரும் கேக்கல.

குளிசைய மட்டும் அவர் பலகைக்குப் பக்கத்துல வச்சுக்குவாரு. ஒரு மாசம் போனப்புறம் நான் சாதாரணமாத்தான் சொன்னேன், "அண்ணே, பைல இருக்கிறதெல்லாம்னு நீங்கதானே சொன்னீங்க." மத்தவங்க சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. எடுத்து டின்னுல போட்டுட்டாரு. ஒரு பஸ்ஸுக்கு ஒரு சட்டம், இன்னொரு பஸ்ஸுக்கு இன்னொரு சட்டம்னு அவரால இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனா போட்டது அவர் கை.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். அன்னிக்கிப் பேராதனைல பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குப் போட்டி, நிரோஷனும் மத்தவங்களும் அங்க போயிருந்தாங்க. போற விசயம் மூணு கெழமைக்கு முன்னுக்கே தெரியும். "அன்னிக்கு அமைதியா ஆடலாம்ணே"ன்னு நான்தான் சொல்லி வச்சேன். ஃப்ரேம் கடை ஞாயிறு பூட்டு. பஸ் பிந்தி, அண்ணன் மூணு நிமிசம் லேட்டு. ரெண்டு மணிக்கே என் மொத ஆட்டத்த ஆடி, அவர் பக்கத்து மணிக்கூட்ட ஓட விட்டுட்டேன், அதுவும் அவர் சட்டந்தான். மணிக்கூட்டுச் சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சோ என்னமோ, படி ரெண்டு ரெண்டா ஏறி மூச்சு வாங்க வந்தாரு. பையில இருந்ததெல்லாம் டின்னுல போட்டாரு. வழக்கமா டின் ஜன்னல் பெஞ்சுல இருக்கும். அன்னிக்கு பெஞ்சு நனைஞ்சிருந்துச்சு, அதனால அலுமாரி மேல வச்சேன். கொஞ்சமாத்தான் நனைஞ்சிருந்துச்சு.

லண்டன் ஆடினேன். நல்லா அடைச்சேன். முப்பத்தோராவது தடவ காய் நகத்த வேண்டியப்ப அவருக்கு ஒம்பது நிமிசம் மிச்சம், என் கொப்பில இருக்கு. அப்பதான் எடது கை நெஞ்சுக்குப் போச்சு.

"சுவக்கின், டின்ன எடு"ன்னாரு.

"உங்க ஆட்டம்ணே"ன்னேன்.

வேற ஒண்ணும் சொல்லல சேர். மரியாதக் கொறவா எதுவும் சொல்லல. எதிராளியோட நேரம் ஓடும்போது நாம கதிரைய விட்டு எந்திரிக்கக் கூடாது, அது நல்ல பழக்கமில்ல. ஒருதடவ எந்திரிச்சு என்ன கண்டேன்னுதான் சொன்னேனே.

அவர் எந்திரிச்சு ரெண்டு அடி வச்சாரு. கைய ஒசத்தினாரு, அலுமாரி எட்டல. திரும்பி வந்து உக்காந்தாரு. கீழ கொண்டக்டர்மார் ஹட்டன், ஹட்டன்னு கூப்பிடுற சத்தத்துல அவர் கொரல் எடுபடல. ஒம்பது நிமிசம்னா கொஞ்ச நேரமில்ல, கூட்ஸ் ஷெட்ல இருந்து ஒரு த்ரீவீல் புடிச்சா பெரியாஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்துரலாம். நான் மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். நடுவுல அவர் கை பலகைல விழுந்து குதிரை மேல பட்டுச்சு. தொட்ட காயத்தான் ஆடணும். ஆடல. மறுநாள் ஃபோன்ல அந்த நெலமயப் போட்டுப் பாத்தேன். அந்தக் குதிரைய ஆடியிருந்தா நான் தோத்திருப்பேன்னு காட்டுச்சு. என்ன செய்ய, ஆடலயே.

கொடி விழுந்துச்சு. சின்னதா ஒரு டிக். ஆட்டம் முடிஞ்சா கை குடுக்கிறது வழக்கம், நான் கைய நீட்டினேன். அவர் குடுக்கல. அதுக்கப்புறம்தான் எந்திரிச்சு டின்ன எறக்கினேன். மூடியத் தொறக்கும்போது தல சாஞ்சுது.

அன்னிக்கு வந்த பொலிசுக்கு வேற மாதிரிச் சொன்னேன். ஆட்டத்துக்கு நடுவுல திடீர்னு சாஞ்சுட்டாரு, ஓடிப்போய் டின்ன எடுத்தேன், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன். டொக்டரும் மாரடைப்புன்னு எழுதிட்டாரு. யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல. வாய மூடிக்கிட்டு இருந்தா இப்படியே போயிருக்கும்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். சாப்பாடு முடிஞ்சப்புறம் சிந்துஜா அந்தச் செஸ் பலகையையும் மணிக்கூட்டையும் கொண்டாந்து என் மடில வச்சா. "அப்பா இருந்தா உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லுவாரு மாமா"ன்னா. அப்புறம் மெதுவாக் கேட்டா, "கடைசி ஆட்டத்துல அப்பாவா ஜெயிச்சாரு?" "ஆட்டம் முடியலம்மா"ன்னு சொன்னேன். நிரோஷனும் கொப்பில அப்படித்தான் எழுதி வச்சிருக்காரு, 'ஆட்டம் முடியவில்லை'ன்னு. அண்ணன் ஞாபகார்த்தமா அந்தப் பக்கத்துக்கு ஃப்ரேம் போட்டு ரூம்ல மாட்டப் போறாங்களாம்.

அன்னிலருந்து எனக்குத் தூக்கமில்ல சேர். சோறு எறங்கல. டொரதி என்னமோ கூட்டாளி செத்த கவலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. பொய்ய எத்தன நாளைக்குச் சொமக்கிறது? அந்தப் புள்ள மொகத்தப் பாத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆட்டம் முடிஞ்சுதான் இருந்துச்சு. நிரோஷன்கிட்ட போய்ச் சொன்னேன். "அவர் மொதல்ல செத்தாரா, கொடி மொதல்ல விழுந்துச்சான்னு யாருக்கு அண்ணே தெரியும், சும்மா விடுங்க"ன்னுட்டாரு. சும்மா விடணுமாம்.

எனக்குத் தெரியும். அதனாலதான் வந்தேன். நீங்க என்னைய என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க, எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன். ஆனா இத மட்டும் வெளங்குற மாதிரி எழுதுங்க சேர். கொடி விழும்போது காளிமுத்து அண்ணனுக்கு நல்லா உயிர் இருந்துச்சு. கண்ண சிமிட்டாம என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. எழுதி முடிச்சதும் இத ஒரு கொப்பி எடுத்து நிரோஷனுக்கு அனுப்பிருங்க.