ஒற்றைப் புள்ளி இறக்கை

— கை வைக்காத. துடைச்ச இடத்துல கை பட்டா எண்ணெய் ஒட்டும்.

— வைக்கலக்கா, சும்மா காட்டினேன். இந்தக் காதைத்தானே அன்னைக்குப் பார்த்த?

— இடது இறக்கையை உடம்போட மாட்டுற கீழ்க் காது. லாக் புக்ல நான் எழுதினது அப்படியே இருக்கு. படிச்சுக்கோ.

— படிக்க என்ன இருக்கு, மனப்பாடம். ‘முன் ஓரத்தில் விரிசல், நீளம் ஒன்பது மில்லிமீட்டர். பறக்கத் தகுதியில்லை.’ கீழ உன் கையெழுத்து. கூடப் பிறந்தவன் கிளைடராச்சேன்னு ஒரு எழுத்துகூட நடுங்கலை.

— நடுங்கியிருந்தா வேற இன்ஸ்பெக்டரை வரச் சொல்லியிருப்பேன். சாயத்தை எடு.

— இந்தாங்க, ஆபீசர் அம்மா.

— அப்படிக் கூப்பிடாதடா. ஏழு வருஷம் கழிச்சு உன் கொட்டகைக்குள்ள கால் வச்சிருக்கேன். அக்கான்னே கூப்பிடு.

— சரிக்கா.

— இறக்கையை ஏன் கவுத்துப் போட்டிருக்க?

— கீழ்க் காதைப் பார்க்கணும்னா நீ குனியணும்ல. உனக்கு முதுகு வலின்னு என் பொண்டாட்டி சொன்னா. அதான் ரெண்டையும் மல்லாக்கத் திருப்பி ஸ்டாண்டு மேல வச்சேன். நாலு பேரைக் கூப்பிட்டுத் திருப்பினேன், சும்மா சொல்லக் கூடாது, இடுப்பு போச்சு.

— என்கிட்ட பேச மாட்ட. அவகிட்ட என் முதுகை விசாரிப்ப.

— விடுக்கா.

— சரி, விட்டேன். தள்ளு, பூசுறேன். மணி என்ன?

— பத்தே கால்.

— பத்து முப்பத்தஞ்சு வரைக்கும் யாரும் தொடக் கூடாது. விரிசல் இருந்தா சாயம் உள்ள இறங்கும். அப்புறம் மேல துடைச்சிட்டு வெள்ளைப் பவுடர் அடிக்கணும். உள்ள போனது சிவப்புக் கோடா வெளிய வந்துடும்.

— அன்னைக்கும் வந்துச்சுன்னு சொன்ன.

— வந்துச்சு.

— நான் பார்க்கலையே. நான் ஓடி வர்றதுக்குள்ள துடைச்சு வச்சிட்ட. வெறும் இரும்பு பளபளன்னு இருந்துச்சு.

— துடைக்காம விட்டா துரு ஏறும். ஒரு போட்டோ எடுத்திருக்கணும், எடுக்கலை. நீ நம்பாம போவேன்னு எனக்குத் தோணவே இல்லடா.

— அது பெயின்ட்ல கீறல்னு நினைச்சேன். எல்லாருமே அப்படித்தான் சொன்னாங்க.

— எல்லாரும் சொன்னது வேற. நீ சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

— அக்கா...

— கிளப் ஆளுங்க அத்தனை பேர் முன்னாடி. ‘கண்ணு சரியில்லைன்னு லைசென்ஸைப் பிடுங்கினாங்க, இவ போய் விரிசலைக் கண்டுபிடிச்சாளாம். தான் பறக்க முடியலைன்னு என்னையும் தரையில உட்கார வைக்கிறா.’ ஒரு வார்த்தை மாறலைல்ல?

— மாறலை.

— வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை அப்படித்தானோன்னு. பொறாமைல கண்ணு இல்லாததைக் காட்டிடுச்சோன்னு.

— வியாழக்கிழமை அது. சனிக்கிழமை போட்டிக்கா. மூணு வருஷம் அதுக்குன்னே உயிரைக் கொடுத்தேன். அந்தக் கோபத்துல நாக்கு எங்கயோ போயிடுச்சு.

— மேலிடத்து உத்தரவு உன் கிளைடருக்கு மட்டும் வரலை. இந்த மாடல் எத்தனை இருக்கோ அத்தனைக்கும் வந்துச்சு, அடுத்த தடவை மேல போறதுக்கு முன்னாடி காதைப் பாருன்னு. எங்கயோ ஒருத்தன் செத்த பிறகுதான் அந்த மாதிரி காகிதம் வரும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரும்பு. அதுல ஒரு ஓட்டை, ஓட்டைல ஒரு பின். மொத்த இறக்கையும் அதுல நிக்குது. தம்பி போட்டிக்குப் போகணும்னு நான் கண்ணை மூடிக்கணுமா?

— இல்லக்கா. இப்போ புரியுது.

— இப்போ எதுக்குக் கூப்பிட்ட? விக்கப் போறியா?

— பக்கத்து ஊர்ல ஒரு கிளப்புக்காரங்க கேட்டாங்க. ஏழு வருஷமா டிரெய்லர்ல தூங்குது, எங்களுக்காவது கொடுங்களேன்னு.

— அதுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் ஆகுமே. ஆள் அனுப்பி என்னை வரச் சொல்லணுமா?

— நீ எழுதினது. நீயே வந்து பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி.

— நிம்மதியா? நல்லா இருக்கு. சரி, உட்காரு. முன்னாடி பின்னாடி நடக்காத, தூசி கிளம்புது.

— பாப்பா எப்படி இருக்கா?

— உனக்கு எதுக்கு?

— மாமன் கேக்கக் கூடாதா?

— ஹாஸ்டல்ல இருக்கா. வாரத்துக்கு ஒரு போன். ‘சாப்பிட்டேம்மா, வச்சிடட்டா’ன்னு ரெண்டே வார்த்தை. பதினெட்டு வயசு ஆச்சு, என்கிட்ட மனசு விட்டுப் பேசி ஏழு வருஷம் ஆச்சு.

— ஏன், என்ன ஆச்சு?

— நான் அடிச்சிட்டேன்டா. ஒரே ஒரு தடவை. பதினோரு வயசுல.

— நீயா? நீ கை நீட்ட மாட்டியே.

— நீட்டினேன். நம்ம சண்டைக்கு அப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை. எனக்கு டியூட்டி. சண்டை நமக்குள்ள, பிள்ளைக்கு என்னன்னு உன் வீட்டுலதானே விட்டுட்டுப் போனேன்?

— ம்.

— சாயங்காலம் கூட்டிட்டு வந்தேன். சாப்பிடும்போது சொல்றா, ‘அம்மா, நம்ம வீட்டுப் பின்பக்கக் கூரையில ஒரு தகரம் பேந்து மடங்கிக் கிடக்கு, உள்ள மரம் தெரியுது’ன்னு. கீழ எங்க நின்னு பார்த்தாலும் அது தெரியாது. ஏணியைப் போட்டு ஏறி முகட்டைத் தாண்டினாத்தான் தெரியும். மறுநாள் ஆளை ஏத்திப் பார்த்தேன், அவ சொன்ன மாதிரியே இருந்துச்சு. மழை வந்தா முழுசும் உள்ளதான் இறங்கியிருக்கும்.

— நீ என்ன கேட்ட அவகிட்ட?

— வழுக்குற தகரம், பதினோரு வயசுப் பிள்ளை. ஏன்டி ஏறினன்னு கேட்டேன். ஏறலைங்கறா. அப்போ எப்படித் தெரியும்? வாயைத் திறக்க மாட்டேங்கறா. ஏறலை, ஏறலைன்னு அதையே சொல்றா. பொய் சொல்றதுக்குத்தான்டா அடிச்சேன். கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சுடுச்சு.

— அக்கா, நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.

— நீ எங்க பேசின, சொல்றதுக்கு? அன்னைக்கு அவ பார்த்த பார்வை இருக்கே... அழுகைகூட இல்லை. நான் அவளை நம்பலைங்கற ஒரு பார்வை. ஏறியிருந்தாலும் ஏறலைன்னாலும், அடிச்சிருக்கக் கூடாது. மத்தவங்க இறக்கையெல்லாம் தடவித் தடவிப் பார்க்கிறவ, என் வீட்டுக் கூரை பேந்தது தெரியாம இருந்திருக்கேன். அந்தக் கோபமும் பிள்ளை மேலதான் இறங்குச்சு போல.

— மணி ஆச்சுக்கா.

— ஆச்சா? துணியைக் கொடு. அழுத்தாம துடைக்கணும்... சரி. ஸ்ப்ரேயைக் குலுக்கு. நல்லா குலுக்கு. கொடு இங்க. தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற.

— வருதா?

— பொறுடா. பவுடர் காயணும்.

— இப்போ?

— டார்ச்சைக் கிட்ட பிடி.

— அக்கா? சொல்லேன்.

— ஒண்ணும் இல்லை.

— ஒண்ணும் இல்லைன்னா?

— கோடு இல்லைடா. வெள்ளையா இருக்கு. சுத்தமா இருக்கு.

— நல்லா பார்த்தியா? அந்த ஓரம்? முன் ஓரம்னுதானே எழுதியிருக்க?

— லென்ஸ் வச்சுத்தான் பார்க்கிறேன். மயிரிழைகூட இல்லை.

— ஐயோ கடவுளே. ஐயோ கடவுளே!

— டேய், எதுக்குடா அழற?

— அழலை. சிரிக்கிறேன். விடுக்கா, விடு. இல்லவே இல்லைல்ல? அன்னைக்கும் இருந்திருக்காதுல்ல? விரிசல் தானா ஆறாதுல்ல?

— இரும்பு ஆறுமா? இப்போ இல்லைன்னா எப்பவும் இல்லை. அப்போ நான்தான்டா... என் கண்ணுதான். நீ சொன்னது சரி. ஒன்பது மில்லின்னு அளந்து எழுதினேனே, எதை அளந்தேன்? உன் போட்டியைக் கெடுத்தேன். ஏழு வருஷம் கிளைடரைப் பெட்டியில போட்டுப் பூட்ட வச்சேன். அம்மா சாவுக்கு வந்து நீ அந்தக் கோடி, நான் இந்தக் கோடின்னு நின்னோமே, அதுவும் என்னாலதான். மன்னிச்சுடுடா.

— நீ எதுக்கு மன்னிப்பு கேக்கிற? இல்லைன்னு ஆயிடுச்சுல்ல, எனக்கு அது போதும். ஏழு வருஷமா நான் ஒழுங்கா தூங்கினதே இல்லக்கா. இன்னைக்குத் தூங்குவேன்.

— போட்டி போனதுக்கு ஏழு வருஷமா தூங்கலையா?

— போட்டியைத் தூக்கிக் குப்பையில போடு. வா, வீட்டுக்குப் போலாம். உன் தம்பி பொண்டாட்டி சமைச்சு வச்சிட்டு வாசலைப் பார்த்துட்டு நிப்பா.

— இரு. இன்னொரு காது இருக்கு.

— எதுக்குக்கா? நீ விரிசல்னு எழுதினது இதுதானே. இது சுத்தம்னா முடிஞ்சது.

— உத்தரவுல ரெண்டுன்னு இருக்கு. ஒண்ணைப் பார்த்துட்டு ரெண்டுக்கும் கையெழுத்துப் போடுற பழக்கம் எனக்கு இல்லை. கண்ணு போயிருக்கலாம், பழக்கம் போகலை.

— விடுக்கா, ப்ளீஸ். நாளைக்குப் பார்த்துக்கலாம்.

— அரை மணி நேர வேலை. ஏன்டா இப்படிப் பறக்கிற? துணியைக் கொடு. ஏழு வருஷத்துக் கிரீஸ், ஒரு விரல் கனம்... டேய்.

— என்ன?

— இங்க வா. இந்த இடத்துல என்ன பொறிச்சிருக்கு பாரு.

— ஒரு புள்ளி.

— ஒரே புள்ளியா, ரெண்டா?

— ஒண்ணுதான். ஏன்?

— ஃபாக்டரியில குத்தி அனுப்புற புள்ளி. ஒத்தைப் புள்ளின்னா இடது. ரெட்டைப் புள்ளின்னா வலது.

— அப்போ நாம பார்த்தது?

— வலது. நீ கவுத்து வச்சியே. முன் விளிம்பு எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துத்தான் நான் எப்பவும் இடது, வலது சொல்லுவேன். இறக்கை மல்லாந்து கிடந்தா அது அப்படியே மாறிடும். கத்துக்குட்டி செய்ற தப்பு. கண்ணு உன் பக்கம் இருந்துச்சு, புள்ளியைப் பார்க்காம விட்டுட்டேன். உன் முகத்தைப் பார்த்து அத்தனை வருஷம் ஆச்சு.

— அக்கா, இதைப் பார்க்க வேண்டாம்.

— என்ன பேச்சுடா இது? மணி பார்த்துக்கோ. பூசிட்டேன்.

— பதினொண்ணு பத்து.

— உன் முகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு? விரிசல் இருந்தா கிளப்புக்குக் கொடுக்க முடியாது, அவ்வளவுதானே.

— கிளப் எதுவும் இல்லக்கா.

— என்னது?

— யாரும் கேக்கலை. நான்தான் சும்மா சொன்னேன்.

— அப்புறம் எதுக்குடா என்னை வரவழைச்ச?

— தெரிஞ்சுக்கணும்னு. அன்னைக்கு அது இருந்துச்சா, இல்லையான்னு. வேற யார் சொன்னாலும் மனசு கேக்காது.

— அன்னைக்கு நம்பாதவன் இன்னைக்கு...

— நம்பினேன்க்கா. கத்திட்டு வெளிய போனேன் பாரு, அப்பவே உள்ளுக்குள்ள நம்பினேன். அதுதான் கொடுமை.

— புரியற மாதிரி சொல்லு.

— முதல்ல பார்த்துடு. அப்புறம் சொல்றேன்.

— சரி. பதினொண்ணரை ஆயிடுச்சு. துணி... ஸ்ப்ரே... குலுக்கினியா? தள்ளு. டார்ச்.

— வேண்டாம், நீயே பிடிச்சுக்கோ.

— காயட்டும்.

— வருதாக்கா?

— வருதுடா.

— எங்க?

— முன் ஓரம். பாரு, சிவப்பா. ஸ்கேலை வை. ஒன்பது... இல்லை, பன்னண்டு. பன்னண்டு மில்லி. டேய், நான் ஒன்பதுன்னுதானே எழுதினேன்? ஏழு வருஷமா டிரெய்லர்ல கிடந்த இரும்புல மூணு மில்லி எப்படி வளரும்? சும்மா கிடந்தா வளராதே. பாரம் ஏறினாத்தானே வளரும்?

— அக்கா.

— நீ இதை மேல எடுத்துட்டுப் போனியா?

— ஒரே ஒரு தடவை.

— பறக்கக் கூடாதுன்னு நான் சிவப்புச் சீட்டு கட்டின பிறகா?

— சீட்டை அறுத்துட்டு. நீ சொன்னது பொய்னு எனக்கே நிரூபிச்சுக்கணும்னு ஒரு வெறி. வேற மைதானத்துக்கு டிரெய்லர்ல கொண்டு போனேன். கிளைடரை மேல இழுத்துட்டுப் போற விமானக்காரன் தெரிஞ்சவன், எதுவும் கேக்கலை. இருபது நிமிஷம்தான்க்கா. கீழ இறங்கினதும் பிரிச்சு டிரெய்லர்ல போட்டுப் பூட்டினேன். பின்ன உன் முகத்துல எப்படி முழிக்கிறது? கோபம்னு நீ நினைச்சுக்கிட்ட. அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

— பாவி. மூணு மில்லி. இன்னும் ரெண்டு சுத்து கூடப் போட்டிருந்தா இறக்கை கையோட வந்திருக்கும். எங்கடா போன?

— உங்க வீட்டு மேல. தாழ்வா ஒரு வட்டம் அடிச்சேன். காட்டுன்னு கேட்டதால.

— யார் கேட்டது? ரெண்டு பேர் உட்கார்ற வண்டியாச்சே. தனியாத்தானே போன?

— அது ஒரு ஞாயித்துக்கிழமை.

— எந்த ஞாயித்துக்கிழமைடா? சொல்லு. தனியாத்தானே?

— யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்தான். பாப்பா அன்னைக்குக் கூரை மேல ஏறவே இல்லக்கா.