செல்லாத கடன்

மீன் அடிப்பிடித்துவிடக் கூடாதே என்று நான் அவசரமாக அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சுவான் எங்கள் வீட்டு இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கினாள்.

"தாம், கதவத் தெறடி. எம் பொண்ணு யென்னுக்கு மூச்சு வாங்குது. இதயத்துல வால்வு மாத்தணுமாம். சைகோன் ஆஸ்பத்திரில பணத்தக் கட்டுனாத்தான் தேதி குடுப்பாங்களாம். எம் பணத்தக் குடு."

கையைக் கழுவிவிட்டுத்தான் திறந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான், ஐயா.

"எங்க இறால் குட்டையில நோய் வந்துடுச்சுக்கா. மொத்தமும் செத்து மிதக்குது. அடுத்த அறுவடைக்குத் தந்துடறேன்."

"அதுவரைக்கும் எம் பொண்ணு இருக்கணுமேடி. இருபதாயிரம் டாலரு. வாசல்ல புது வண்டி நிக்குதே, அத என்ன இறாலா குட்டி போட்டுச்சு?"

வண்டியைப் பற்றி அவள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவள் மகள் யென் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவளுக்கும் மேல் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் சுவான். அப்படிப்பட்டவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கோர்ட்டுக்குப் போனாள். சம்மன் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். துரோகம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கோர்ட்டில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வாங்கினேன் என்றேன். கடன் சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான் என்றேன். தனி ஆட்கள் டாலரில் கடன் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்று சட்டம் இருப்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். நீதிபதி ஒப்புக்கொண்டார். ஒப்பந்தம் செல்லாது, வட்டி கிடையாது, அசலை மட்டும் நம் நாட்டுப் பணமான டோங்கில் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு. நான் மேல்முறையீடு செய்தேன். தோற்றவர் எவரும் செய்வதுதான். அங்கே வாய்தா மேல் வாய்தா. ஒரு தடவை எனக்கே காய்ச்சல், போக முடியவில்லை.

அந்த மழைக்காலத்தில் யென் போய்ச் சேர்ந்தாள்.

முறைப்படி வெள்ளை உறையில் பணம் வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். சுவான் அதைப் பிரிக்கக்கூட இல்லை. என் கையிலேயே திணித்தாள்.

"இதுவும் டாலரா? இங்க செல்லாதுடி. எடுத்துட்டுப் போ."

அத்தனை பேர் முன்னால். அந்தப் பெண்ணுக்காக அழ வந்தவள் நான். எனக்காக அழுதுகொண்டு திரும்பினேன்.

இப்போது மோசடி என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். எண்ணத்தை யார் கண்டது, ஐயா? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

மகளின் வைத்தியத்துக்கென்று நிலத்தை விற்ற பணம் அது. அவள் கொண்டுவந்தது டோங்காகத்தான். "இப்படியே எழுதிக்கலாமேடி, எதுக்கு டாலரு?" என்றுகூடக் கேட்டாள். "டாலர்னா மதிப்பு எறங்காதுக்கா, ஒனக்குத்தான் நல்லது" என்று சொல்லி, அவளை என் வண்டியில் ஏற்றி நகைக்கடைக்குக் கூட்டிப்போய் நானே மாற்றி, சீட்டையும் டாலரிலேயே எழுதிக் கொடுத்தேன்.

இறால் குட்டை எடுப்பதற்கு முன்னால் நான் ஒரு வக்கீலிடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். டாலரில் எழுதிய கடன் கோர்ட்டில் நிற்காது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.