வேனுக்குப் பின்னால் ஒரு வீடு

ஈவோன்: ...வேனா? தங்கச்சி மளிகை வாங்கிட்டு வர்ற வேனையா சொல்றே? மாப்ளே, நிஜமாத்தான் பேசறியா?

பெர்னான்: நிஜமாத்தான் மச்சான்.

ஈவோன்: அதுல கட்டி இந்த டிரெய்லரை இழுக்கப் போறீங்க. காஸ்பே வரைக்கும்.

மரியெல்: ஆமா அண்ணே, காஸ்பே வரைக்கும். கடலுக்குள்ள நிக்குதே, அந்தப் பெர்ஸே பாறையைப் பாக்க. கல்யாணம் ஆன வருஷம் இவர் சொன்னது. ஒவ்வொரு ஜூலையும் கட்டட வேலைக்கு ரெண்டு வாரம் லீவு விடுவாங்க, உடனே ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும்...

ஈவோன்: என்ன வந்து நிக்கும்?

மரியெல்: நீதான்! ஒரு வருஷம் உன் கூரை. ஒரு வருஷம் உன் படகுத்துறை. ஒரு வருஷம் உன் வேட்டைக் கொட்டகை. இவர்தானே வந்து கட்டிக் குடுத்தாரு?

ஈவோன்: சரி சரி, பழசை விடு. இப்ப நான் சொல்றதைக் கேளு. ஒரு பிக்கப் வாங்கு மாப்ளே. என்னுது மாதிரி. எட்டு சிலிண்டர்.

பெர்னான்: நாங்க இழுக்கப் போறது முட்டை மாதிரி ஒரு டிரெய்லர். மாதா கோயில் இல்ல.

ஈவோன்: நற்கருணைப் பேழையே! நல்லது சொன்னா...

மரியெல்: அண்ணே, கோபம் வந்தா கோயில் சாமானை வாயில எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?

ஈவோன்: பேழை, கிண்ணம், மெழுகுவத்தித் தண்டு, எல்லாத்தையும் எடுப்பேன்! அந்த வேன் எவ்வளவுதான் இழுக்கும்?

பெர்னான்: மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு. டிரெய்லர் சாமான் எல்லாம் ஏத்தினாலும் ரெண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டாது.

ஈவோன்: விளம்பரத்துல போட்டதை நம்பறியா?

பெர்னான்: இல்ல. கதவு ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு பாரு, அதைத்தான் நம்பறேன். ஆளு, சாமான், டிரெய்லரை மாட்டற கொக்கி மேல உக்கார்ற பாரம், எல்லாம் சேத்து வேன் முதுகு எவ்வளவு தாங்கும்னு அதுல இருக்கு. மரியெல், படி.

ஈவோன்: ஏன், நீ படிக்க மாட்டியா?

பெர்னான்: கண்ணாடி உள்ள இருக்கு.

மரியெல்: ஆயிரத்து இருநூறு. நாம ரெண்டு பேரும், சமையல் சாமானும், கொக்கி மேல வர்ற பாரமும் சேந்தா அதுல பாதிதான்.

ஈவோன்: கொக்கி மேல எவ்வளவு பாரம் வரும்னு உனக்கு யாரு சொன்னா?

மரியெல்: குளியலறைத் தராசு.

ஈவோன்: டிரெய்லரைத் தராசுல ஏத்தினியா!

மரியெல்: மூக்கை மட்டும். நடுவுல ஒரு பலகை போட்டு, பாதி பாரம் செங்கல் மேல, பாதி தராசு மேல. கிறிஸ்துமஸுக்கு நீ ஏறினப்பவே உடையல, இதுக்கா உடையப் போகுது?

ஈவோன்: சிரிக்காதே மாப்ளே. மூக்குல பாரம் ஜாஸ்தின்னா சாமானையெல்லாம் பின்னாடி தள்ளு. சுளுவா இருக்கும்.

பெர்னான்: போன வாரம் உன் பேச்சைக் கேட்டுத் தள்ளினோம். நெடுஞ்சாலை ஏறினதும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிச்சுது பாரு...

மரியெல்: மெதுவா ஓரம் கட்டி, தண்ணி கேன், டப்பா, இரும்புச் சட்டி எல்லாத்தையும் முன்னாடி மாத்தினோம். அப்புறம் ஆடவே இல்ல.

ஈவோன்: அது... எல்லா டிரெய்லரும் ஒரே மாதிரி இருக்காது. சரி, கொக்கிக்காவது நான் வேணும்ல? இந்தா, என் படகை இழுத்த கொக்கி. சும்மாவே வெச்சுக்கோ.

பெர்னான்: குடு... ம்ஹூம். கையை வெச்சாலே தெரியுது. டிரெய்லர் மூக்கு உக்கார்ற உருண்டை சின்னது மச்சான்.

ஈவோன்: நல்லாத்தானே பூட்டுது?

பெர்னான்: பூட்டும். தொட்டுப் பாரு, உள்ள ஆடுது. முதல் பள்ளத்துல துள்ளி வெளியே வந்துடும். இந்த கியூபெக் ரோட்டுல பள்ளத்துக்கா பஞ்சம்?

மரியெல்: எங்க கொக்கி வந்தாச்சு அண்ணே. ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி வெச்சது. பின் சக்கரத்துல இறங்கற பாரத்தைக் கொஞ்சம் முன் சக்கரத்துக்கும் தள்ளிக் குடுக்கும், வேன் பின்னாடி குந்தாது. இந்தக் கொக்கி போடலாம்னு வேனோட புத்தகத்துலயே இருக்கு. டிரெய்லருக்கும் தனியா பிரேக் வெச்சாச்சு.

ஈவோன்: பிக்கப்பா இருந்தா இவ்வளவு யோசிக்கவே வேணாம்! ஏன் இந்த வேனையே கட்டிக்கிட்டு அழறே மாப்ளே?

பெர்னான்: ஓட்டற கைக்குப் பழகின வண்டி. எனக்கு அது போதும்.

ஈவோன்: அப்ப பந்தயம். எபூல்மான் மலை ஏத்தம்! பெரிய சாலை வழியா நைசா வரக் கூடாது, ஆத்தோரப் பழைய ரோட்டுல ஏறி இறங்கணும். நான் வருஷா வருஷம் தங்கற டிரெய்லர் முகாமுக்கு வந்து ஒரே தடவையில ரிவர்ஸ் எடுத்து நிறுத்தணும். முடியலேன்னா டிரெய்லர் என் வேட்டைக் கொட்டகைக்கு. நீங்க வீட்டுல உக்காந்து பாறையைக் காலண்டர்ல பாத்துக்குங்க.

மரியெல்: முடிஞ்சா?

ஈவோன்: முகாம்ல என்னோட ஆத்தோர இடம் உங்களுக்கு.

மரியெல்: யாரையும் எட்டிக்கூடப் பாக்க விடமாட்டியே, அந்த இடமா?

ஈவோன்: அதேதான்.

பெர்னான்: மரியெல்... என்ன சொல்றே?

மரியெல்: ஒத்துக்கறேன்.

ஈவோன்: உன்னை யாரு கேட்டா? மாப்ளே, நீ சொல்லு.

பெர்னான்: அதான் அவ சொல்லிட்டாளே!

*

ஈவோன்: ஹலோ! எங்க இருக்கீங்க? நான் முகாம்ல நாற்காலி போட்டு உக்காந்தாச்சு.

பெர்னான்: ஏத்தத்துல மச்சான். போனை ஸ்பீக்கர்ல போட்டு மடியில வெச்சிருக்கேன்.

ஈவோன்: என்ன சத்தம் அது? இன்ஜின் அழுவுதா?

பெர்னான்: பாடுது.

ஈவோன்: இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, திரும்பிடலாம்... தங்கச்சி ஏன் பேச மாட்டேங்கறா? பயத்துல கண்ணை மூடிக்கிட்டாளா?

பெர்னான்: அவ வேலையா இருக்கா.

ஈவோன்: என்ன வேலை? ஜெபமாலை உருட்டறாளா?

பெர்னான்: அது மாதிரிதான். கையை எடுக்க முடியாது.

ஈவோன்: சூடு காட்டற ஊசி எங்க நிக்குது?

பெர்னான்: ஊசியா... மரியெல், ஊசி எங்க நிக்குது?

மரியெல்: நடுவுல. அசையல.

ஈவோன்: பின்னாடி வண்டியெல்லாம் வரிசை கட்டி நிக்குமே?

மரியெல்: நிக்குது. ஒருத்தன் ஹாரன் அடிக்கறான். அடிக்கட்டும்.

பெர்னான்: இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஏறியாச்சு! மச்சான், உச்சிக்கு வந்தாச்சு! மளிகை வேன்! ஹா! மரியெல், ஆறு தெரியுதா?

மரியெல்: தெரியுது. நீலமா, அகலமா. நடுவுல தீவு.

பெர்னான்: இன்னும் சொல்லு.

மரியெல்: கீழ கோயில் கோபுரம். அக்கரை மலைகூடத் தெரியுதுங்க.

ஈவோன்: காட்சியெல்லாம் அப்புறம் பேசிக்குங்க! இனிமேதான் இறக்கம். என் பிக்கப்புக்கே அங்க பிரேக் புகைஞ்சிருக்கு!

பெர்னான்: நீ மிதிச்சுக்கிட்டே இறங்கினே, புகையாம என்ன செய்யும்? இது சின்ன கியர்ல நடந்து போகுது.

*

ஈவோன்: வந்துட்டீங்களா! போனை வைக்காதே. நான் பின்னாடி நின்னு வழி சொல்றேன். முகாமே நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பீரை உடைச்சாச்சு. பக்கத்து டிரெய்லர்காரன் மார்க் போட அட்டை எழுதறான்.

மரியெல்: எழுதட்டும்.

ஈவோன்: ஒரு பக்கம் பைன் மரம், இன்னொரு பக்கம் என் பிக்கப். பிக்கப்ல கீறல் விழுந்தா... திருப்பு! இடது! ஐயோ, என் இடது!

பெர்னான்: உன் இடது உன்கிட்டயே இருக்கட்டும். ...கை ஸ்டியரிங்குக்கு அடியில. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையும் அந்தப் பக்கம். மெதுவா...

ஈவோன்: யாருக்குச் சொல்றே?

பெர்னான்: எனக்கே சொல்லிக்கறேன். நீ சும்மா இரு.

ஈவோன்: மரம்... மரம்! ...அட. ...வா. ...வா. ...பேழையே.

மரியெல்: உள்ளயா வெளியயா அண்ணே?

ஈவோன்: உள்ள. நட்ட நடுவுல. ஒரே தடவையில.

பெர்னான்: கைத்தட்டல் கேக்குதே! அட்டையில எவ்வளவு மச்சான்?

ஈவோன்: பத்து! எல்லா அட்டையும் பத்து! இறங்கு மாப்ளே, கையைக் குடு! நான் தோத்துட்டேன், சந்தோஷமா தோத்துட்டேன். எங்க குடும்பத்துல இப்படி ஓட்டற ஆம்பளை ஒருத்தன் இல்ல! ...ஏய். ஸ்டியரிங் இல்லாத பக்கத்துலேர்ந்து ஏன் இறங்கறே?

பெர்னான்: ஸ்டியரிங் பக்கம் ஆள் இருக்காங்க மச்சான்.

ஈவோன்: தங்கச்சி...? ஏறினது... இறங்கினது... இதெல்லாம் நீயா?

மரியெல்: நானேதான். பனி உருகறதுக்கு முன்னாடியே இவருக்குக் கண்ணு நடுவுல இருட்டிடுச்சு அண்ணே, இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓரத்துல இன்னும் கொஞ்சம் தெரியுது, அது போறதுக்குள்ள பெர்ஸே பாறையைக் காட்டிடணும்னு கிளம்பிட்டேன். உன்கிட்ட சொல்லியிருந்தா டிரெய்லர் அன்னிக்கே உன் வேட்டைக் கொட்டகைக்குப் போயிருக்கும். நான் ஓட்டிப் பழகினது இந்த வேன், அதனாலதான் இந்த வேன். கொக்கி இவர் கை பாத்துச் சொன்னது. நாளைக்குக் காலையில வண்டி ஏத்தற பெரிய படகுல அக்கரைக்குப் போறோம், அங்கேர்ந்து காஸ்பே. இப்ப உன் பிக்கப்பைக் கொஞ்சம் நகத்து, ஆறு தெரியற மாதிரி இவருக்கு நாற்காலி போடணும்.